சீவுளியை எடுப்பதற்கு முன்

எங்கள் வீட்டு முன்கதவை நான் இரண்டு முறை கெடுத்திருக்கிறேன். இரண்டு முறையும் நல்ல எண்ணத்தோடு, பணமும் கொடுத்துக் கெடுத்தேன்.

முதலாவது ஓர் ஒக்டோபரில் நடந்தது. கொழும்பில் மழை வருடத்துக்கு இரண்டு தடவை முழுப் பலத்தையும் காட்டும். மே மாதத்தில் ஒன்று, ஒக்டோபர், நவம்பரில் இன்னொன்று. அந்த ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை வீட்டின் இரட்டைக் கதவில் வலப்பக்கக் கதவு மூட மறுத்தது. கீழே படியில் உரசியது, மேல்மூலையில் நிலையை முட்டியது. தோளால் தள்ளித் தள்ளி அம்மாவுக்குத் தோள்வலியே வந்துவிட்டது. ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். அவர் வந்த வேகத்தில் கதவைக் கழற்றி, மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பக்கவிளிம்பையும் சீவி மறுபடி மாட்டினார். "மழைக்கு மரம் வீங்கும், வேறொன்றும் இல்லை" என்றார். கதவு சத்தமில்லாமல் மூடியது. கூலியோடு தேநீரும் கொடுத்து அனுப்பினோம்.

பெப்ரவரி வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. பல்லி, கரப்பான், வீதித் தூசி, எதிர்வீட்டுச் சண்டை என்று எல்லாமே அந்த வழியால் உள்ளே வந்தன. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த ஒக்டோபரில், விரல் நுழையும் அளவுக்குச் சீவிய அந்தக் கதவு மறுபடியும் படியில் உரசியது. மரம் வீங்கியதுதான் காரணமென்றால், இத்தனை சீவிய பிறகும் ஏன் உரச வேண்டும்? இந்தக் கேள்வியை நான் முதல் ஒக்டோபரிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் பாஸ் ஐயா வந்தார். எழுபதைத் தாண்டியவர். கொழும்பில் தச்சரையும் மேசனையும் பாஸ் என்றே கூப்பிடுகிறோம். அந்தச் சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது. கதவைச் சுற்றியுள்ள நம் பேச்சில் பாதி கப்பலில் வந்திறங்கியதுதான். யன்னலும் சாவியும் தாழ்ப்பாளான திறாங்கும் போர்த்துக்கேயர் தந்தவை. நிலையைப் பெயர்க்க அவர் கொண்டுவந்த அலவாங்குகூட அவர்களுடைய சொல்தான். கதவு, நிலை, படி மட்டும் நம்முடையவை. பழுதும் இந்த மூன்றில்தான் இருந்தது.

அவர் கதவைத் தொடவேயில்லை. படியருகே குந்தி, ஒரு திருப்புளியால் நிலைக்காலின் அடியைக் குத்தினார். திருப்புளி புட்டுக்குள் போவதுபோல் இரண்டு அங்குலம் போனது. பிறகு நிலையின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். ஏழடி உயரத்தில் வலக்கால் 11 மில்லிமீற்றர் சாய்ந்திருந்தது.

"பிள்ளை, கதவு ஒன்றும் செய்யவில்லை. நிலைதான் கீழே இறங்குகிறது. கதவைச் சீவினால் நிலை நின்றுவிடுமா?"

மரம் வீங்குவது பொய்யில்லை. ஆனால் அது நெடுக்கில் அநேகமாக வளராது, குறுக்கில்தான் வளரும். பழைய கதவுகளைச் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. நாலு பக்கமும் சட்டம், சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் நடுப்பலகை. அந்தப் பலகையைப் பசை போட்டோ ஆணி அடித்தோ இறுக்கமாட்டார்கள். அது மழையில் காடிக்குள் விரியும், வெயிலில் சுருங்கும், கதவின் மொத்த அகலத்தைத் தொடாது. மிஞ்சுவது இரண்டு பக்கச் சட்டங்களின் வீக்கம் மட்டும். இரண்டடிக் கதவில் அது ஓரிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் போவது அரிது. அதனால், பலகை பதித்த பழைய கதவு ஒன்று அரை அங்குலம் உரசுகிறதென்றால் பிணைச்சல் (கீல்) தளர்ந்திருக்கிறதா, நிலை சாய்ந்திருக்கிறதா, படி மேலெழுந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தூக்குக்குண்டு இல்லாதவர்கள் ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். உங்கள் கதவின் நடுப்பலகையில் நெடுக்காக வெடிப்பு இருந்தால், யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சட்டத்தோடு ஆணியடித்திருக்கிறார் அல்லது காடியைத் தடித்த வர்ணத்தால் அடைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, நிலைக்கால் ஏன் உக்கியது? இதற்கான விடையைப் பாஸ் ஐயா சொல்லவில்லை. வேலையைத் தொடங்கவும் இல்லை. "இரண்டு ஞாயிறு சுற்றிவிட்டு வாருங்கள். கதவைப் பார்க்க வேண்டாம், அதன் காலைப் பாருங்கள்" என்றார். கூலி கொடுக்கப் போகிறவளுக்கே வீட்டுப்பாடம் கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறு வுல்வெண்டால் தேவாலயத்துக்குப் போனேன். வீட்டிலிருந்து நடை தூரம்தான். ஆனாலும் இத்தனை வருடமாக அதைத் தாண்டிப் போனதுண்டே தவிர நின்று பார்த்ததில்லை. 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த ஒல்லாந்தர் கட்டடம். பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? நரியைப் பார்த்துத்தான் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்பார்கள். அதே வீதிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஆட்டுப்பட்டித் தெரு. ஓநாயும் ஆட்டுப்பட்டியும் ஒரே இடத்தில் சமாதானமாக இருப்பது கொழும்பில் மட்டும்தான் நடக்கும்.

அங்கே நான் பார்த்தது இரண்டு விடயங்கள். கட்டடம் மேட்டில் நிற்கிறது. எந்தப் பக்கம் மழை பெய்தாலும் தண்ணீர் அதை விட்டு விலகித்தான் ஓடும். இரண்டாவது, சுவர் ஏறக்குறைய ஐந்தடித் தடிப்பு. அத்தனை தடிப்பில் பதித்த வாசலுக்குச் சுவரே குடை.

அடுத்த ஞாயிறு புறக்கோட்டை. ஞாயிறு என்றது காரணத்தோடுதான். கிழமை நாட்களில் அங்கே கதவு எதுவும் கண்ணில் படாது. துணிக்கட்டும் சுமைதூக்கும் நாட்டாமையின் கைவண்டியும்தான் தெரியும். கடைகள் பூட்டிக்கிடக்கும் ஞாயிறிலும் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும்தான் அந்தத் தெருக்களுக்கு முகம் இருப்பது தெரியவரும். கீழ்த்தளம் முழுவதும் இரும்பு ஷட்டராகவும் பெயர்ப்பலகையாகவும் மாறிவிட்டது. தலையை நிமிர்த்தி மேல்மாடியைப் பாருங்கள். மரத்தட்டி யன்னல்களும் வளைவுகளும் அங்கே தப்பிக் கிடக்கின்றன. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908, 1909இல் எழுந்த சிவப்புப் பள்ளிவாசலின் கோடுகளைப் பார்த்து எல்லோரும் படமெடுக்கிறார்கள். எதிர்வரிசை மாடியைப் பார்ப்பவர்கள் குறைவு.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வீடாகக் கட்டப்பட்டு, பிறகு பல வேடங்கள் போட்டு, திருத்தப்பட்டு 1982இல் நூதனசாலையாகத் திறந்தது. உயரமான தூண்களுக்குப் பின்னால், நிழலுக்குள் ஒதுங்கியிருக்கிறது வாசல். கோட்டைக்குள் இருக்கும் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையிலும் இதே கதைதான். 1681இலேயே இருந்ததாகப் பதிவுள்ள கட்டடம் அது. 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அடிபட்டு, 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. முற்றம், முற்றத்தைச் சுற்றி விறாந்தை, விறாந்தைக்குள் வாசல். அந்த ஓட்டுக்கூரை எவ்வளவு தாழ்ந்து வெளியே நீண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். மழை கதவைத் தொட வேண்டுமென்றால் படுத்துக்கொண்டுதான் வர வேண்டும். (கோட்டைப் பக்கம் கெமராவோடு போகிறவர்கள் கவனம். ஜனாதிபதி மாளிகை, துறைமுகப் பக்கம் படமெடுப்பதைக் காவலர்கள் தடுக்கக்கூடும். வாதாட வேண்டாம், வேறு தெருவுக்குப் போய்விடுங்கள்.)

ஆனால் என்னை உட்காரவைத்தது ஒரு நாட்டுமருந்துக் கடை. அது ஞாயிறில் கண்டதல்ல. கபோஸ் லேனில் ஒரு வேலைநாள் மாலை, கடை மூடும் நேரம். இரும்பு ஷட்டர் இல்லாத கடை. மேலே மரத்தில் ஒரு காடி, கீழே படியில் ஒரு காடி. கடைப் பையன் உள்ளேயிருந்து ஒவ்வொரு பலகையாகக் கொண்டுவந்து, மேல்காடியில் ஏற்றி, கீழ்க்காடியில் இறக்கி, பக்கவாட்டில் தள்ளினான். ஒவ்வொரு பலகையின் தலையிலும் உளியால் வெட்டிய கோடுகள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்துக்கு ஒரு குறுக்குவெட்டு. ஏழாவதை ஆறாவது இடத்தில் வைத்தால் உள்ளே போகாது. கடைசிப் பலகையில் மட்டும் திறாங்கு.

"ஷட்டர் போடவில்லையா அண்ணன்?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஷட்டர் துருப்பிடித்தால் முழுவதையும் மாற்ற வேண்டும் தங்கச்சி. இது உக்கினால் ஒரு பலகையைத்தான் மாற்றவேண்டி வரும்."

பலகைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருந்தது. வீங்குவதற்கும் இடம், இரவில் மருந்துச்சரக்குக்குக் காற்றும் கிடைக்கும். கீழ்க்காடி வெளிப்பக்கமாகச் சரிவாக வெட்டப்பட்டிருந்தது. அதில் தண்ணீர் நிற்காது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சரிவுதான் மனதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்று பார்த்தேன். இப்போது எல்லாமே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒருகாலத்தில் முன்விறாந்தை இருந்தது. கதவு மழைக்கு எட்டாத ஆறடி உள்ளே நின்றது. தொண்ணூறுகளில் மாமா அந்த விறாந்தையைச் சுவர் வைத்து அடைத்து வாடகை அறையாக்கினார்; கதவைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து வைத்தார். அதற்கு மேலே ஓர் அடி நீட்டிய கொங்கிறீற் தட்டு மட்டும். கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலி ஓட்டையாகிப் பல வருடம். அதன் தண்ணீர் நேராக வலது நிலைக்காலில் விழுந்தது. கபுக் என்னும் செம்புறைக் கல்லில் கட்டிய சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு, அடியில் மூன்றடிக்கு சீமெந்து பூசினோம், ஈரம் ஏறாமல் இருக்கட்டும் என்று. இது அப்பாவின் யோசனை, நானும் ஆமோதித்தேன். சுண்ணாம்பு ஈரத்தைக் குடிக்கும், பிறகு வெளியே விடும். சீமெந்துக்குப் பின்னால் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், கிடைத்த மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றோடு வீதியும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறை தார்க் கார்ப்பெட் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுகிறார்கள். அம்மா கல்யாணமாகி வந்தபோது வீதியிலிருந்து வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டுமாம். இப்போது ஒரு படிகூட முழுதாக இல்லை. நிலைக்காலின் அடி வீதித் தண்ணீருக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பணி செய்வித்தார். கருங்கல் நிலைக்கு உக்கலும் இல்லை, கறையானும் இல்லை. நம் வீட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

பாஸ் ஐயாவிடம் இதையெல்லாம் ஒப்புவித்தேன். "அப்படியானால் முதலில் பீலி" என்றார். அந்த வரிசை முக்கியம். பீலியை மாற்றினோம். கொங்கிறீற் தட்டுக்கு முன்னால் மூன்றடி ஓட்டுச்சாய்ப்பு இறக்கினோம். வாசலுக்கு வெளியே நீளவாட்டில் ஒரு வடிகால் வெட்டினோம். சீமெந்துப் பூச்சைக் கொத்தி, சுவரைப் பல வாரம் உலரவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசினோம். அதன் பிறகே மரவேலை. ஒருவர் வந்த நாளே கதவைக் கழற்றினால் நீங்கள் சந்தேகப்படலாம்.

இதற்கிடையில் ஒரு தரகர் வந்தார். பழைய கதவு, நிலை, தூண் வாங்கி ஹோட்டல்களுக்குக் கொடுப்பவர். "உக்கிப்போன கதவுதானே, அக்கா" என்று சொல்லிக்கொண்டே அவர் சொன்ன விலை, உக்கிப்போன கதவுக்கான விலையாக இல்லை. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் கதவுகள் அப்படித்தான் போயின. விற்பதும் விற்காததும் அவரவர் பாடு. ஆனால் ஒன்று தெரிந்திருப்பது நல்லது: தொல்பொருள் எனக் கொள்ளப்படுவதை 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் "எனக்கு அந்தக் கதவை அனுப்பு" என்று கேட்டால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

உக்கிய நிலைக்காலை முழுதாக மாற்றவில்லை. முட்டுக்கொடுத்து, அடியில் 14 அங்குலத்தை மட்டும் அறுத்தெடுத்து, பழைய வீட்டுக் கூரைக் கைமரமாக இருந்த பலாமரத் துண்டை இணைத்தார். அறுப்பு நேராக இல்லை. வெளிப்பக்கம் தாழ்ந்த சரிவு. இணைப்புக்குள் தண்ணீர் போனாலும் வெளியேதான் வழியும். புதுப்பலா மஞ்சளாக இருக்கும், அது சுருங்கும். பழையது சிவந்து கறுத்திருக்கும், சுருங்கி முடித்தது. காலின் அடியில் இரண்டு அங்குலக் கருங்கல். மரம் இனித் தரையைத் தொடாது. நான் சீவவைத்த விளிம்புக்குத் தேக்குச் சட்டம் ஒட்டினார், ஆனால் பூட்டுப் பக்கத்தில் இல்லை, பிணைச்சல் பக்கத்தில். ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. பழைய இரும்புத் திருகாணிகள் கடற்காற்றில் துருவேறி அப்படியே முறிந்தன. புதியவை பித்தளை, ஒவ்வொன்றையும் சவர்க்காரத்தில் தேய்த்துத்தான் முறுக்கினார். பழைய தேக்கில் துளையிடாமல் முறுக்கினால் மரம் பிளக்கும்.

வர்ணம் உரித்தது நான். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும், அதனால் காய்ந்தபடி உப்புத்தாளால் தேய்க்கக்கூடாது. தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு, வீட்டிலுள்ள பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுச் சுரண்டினேன். சுரண்டியதைப் பையில் கட்டினேன். பச்சை, அதற்குக் கீழே மண்ணிறம், பிறகு மங்கிய நீலம். நீலத்துக்கும் மண்ணிறத்துக்கும் நடுவில், தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே, என் சுரண்டி திடீரென்று மென்மையான எதிலோ புகுந்தது. மக்கு வைத்து அடைத்த பள்ளம். அடைப்பு உதிர்ந்ததும், நான்கு அங்குல நீளத்தில் சாய்ந்த வெட்டு. பக்கத்தில் இன்னொன்று, அது ஆழமில்லை.

அம்மா வந்து பார்த்தார். "83" என்றார். "கதவு திறக்கவில்லை. நாங்கள் பின்பக்கத்தால் போய்விட்டோம்." வேறெதுவும் சொல்லவில்லை. 83 இனக்கலவரத்தின் கதையில் கதவுக்கும் பங்கு இருந்ததென்று எனக்கு அதுவரை தெரியாது.

பாஸ் ஐயா அந்த வெட்டைப் பெருவிரலால் தடவினார். அடைப்பதா என்று கேட்டார். அம்மா வேண்டாமென்று தலையசைத்தார். அவர் சிறிய உளியை எடுத்து, வெட்டின் கீழ்விளிம்பை மட்டும் வெளிப்பக்கமாகச் சரித்து விட்டார்.

"இப்போது தண்ணீர் நிற்காது" என்றார்.

இனி நான் இரண்டாவது முறை கெடுத்த கதை. மரம் அழகாக வெளியே வந்துவிட்ட பெருமையில், மறுபடி வர்ணம் பூச மனமில்லை. ஆளிவிதை எண்ணெய் பூசினால் தேக்கு மின்னும் என்று எங்கேயோ பார்த்து, பாஸ் ஐயாவைக் கேட்காமல் மூன்று தடவை தாராளமாகப் பூசினேன். இரண்டு வாரம் மின்னியது. ஜூன் மாத ஈரத்தில் கதவெங்கும் கரும்புள்ளி. பூஞ்சணத்துக்கு நான் விருந்து வைத்திருந்தேன். கழுவி, உலர்த்தி, மெல்லத் தேய்த்து, கடைசியில் வெளிப்பக்கத்துக்கு எனாமல்தான் பூசினோம். உட்பக்கம் மட்டும் மரமாகவே இருக்கிறது. எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள்.

எந்தப் பூச்சானாலும் கதவின் அடிவிளிம்புக்கும் தலைவிளிம்புக்கும் பூசினீர்களா என்பதுதான் கேள்வி. மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது அறுபட்ட நுனியால். எங்கள் கதவின் அடிவிளிம்பில் தொண்ணூறு வருடத்தில் ஒரு தூரிகைகூடப் பட்டிருக்கவில்லை. கதவைக் கழற்றாமல் பார்க்க, கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துத் தள்ளினால் தெரிந்துவிடும்.

கதவுக்கு மேலே இருந்த கம்பிச் சாளரத்தைக் குளிரூட்டி பொருத்தியபோது பிளைவூட் தட்டால் அடைத்திருந்தோம். அதையும் கழற்றினோம், நுளம்பு வலை அடித்தோம். முன்கதவும் பின்கதவும் ஒரே நேர்கோட்டில் ஏன் இருக்கின்றன என்று அன்று பிற்பகல் கடற்காற்று நடுக்கூடத்தால் போனபோது புரிந்தது. அலுமாரிக்குள் இருந்த பூஞ்சண வாசம் ஒரு மாதத்தில் குறைந்தது. மின்கட்டணமும் சற்றுக் குறைந்தது. அது வேறு காரணத்தாலும் இருக்கலாம்.

நிலையின் உட்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஒவ்வொரு ஒக்டோபரிலும் பெப்ரவரியிலும் இடைவெளியை அளந்து பென்சிலால் திகதியோடு எழுதி வைக்கிறேன். இது பாஸ் ஐயா சொன்னது. இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் வருடாவருடம் ஒன்றாக இருந்தால் அது மரத்தின் வீக்கம். கூடிக்கொண்டே போனால் நிலை நகர்கிறது. இதுவரை ஆறு கோடுகள். ஒக்டோபரில் 2 மில்லிமீற்றர், பெப்ரவரியில் 4, அதற்கு மேல் போகவில்லை.

அம்மா மட்டும் இன்னும் பழக்கத்தில் தோளைக் கொடுத்துத்தான் கதவைத் திறக்கிறார். அது உடனே திறந்துவிடுவதால் இரண்டு முறை வாசலில் விழப்பார்த்தார். படிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாஸ் ஐயா அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்.